தையலுக்கு உள்ளே ஒரு வாரம்

ஆப்பரேஷன் தியேட்டர் கதவைத் திறந்து டாக்டர் வெளியே வருகிறார். "கட்டியை முழுசா எடுத்தாச்சு" என்கிறார். வராந்தாவில் காத்திருந்த குடும்பம் கதை முடிந்தது என்று பெருமூச்சு விடுகிறது. உள்ளே படுத்திருப்பவரின் உடம்புக்கோ கதை அப்போதுதான் சூடு பிடிக்கிறது! அடுத்த ஏழு நாளில் தையலுக்கு அடியிலும், கல்லீரலிலும், எலும்பு மஜ்ஜையிலும், மூளையின் அடிவாரத்திலும் நடக்கிற வேலைகளைப் படிக்கப் படிக்க எனக்குத் தலைகால் புரிவதில்லை. அவ்வளவு அழகு, அவ்வளவு வேகம். வாருங்கள், போர்வையை லேசாக விலக்கி எட்டிப் பார்ப்போம்.

பார்க்கப் போகிற ஆள் ஒரு பாட்டா, அதாவது தாத்தா. இஞ்சிவிளைக்காரர், வயது அறுபத்தைந்து, ரப்பர் பால்வெட்டுக்குப் போய் உரம் பாய்ந்த கை. என் கற்பனையில் பிறந்தவர்தான். ஆனால் அவர் உடம்பில் நடக்கப் போவதெல்லாம் நிஜம். பாறசாலை, செறுவாரக்கோணம், தனுவச்சபுரம், காரக்கோணம், வெள்ளறடை என்று நெய்யாற்றின்கரை தாலுகாவின் இந்த ஓரத்து ஊர்களில், ஒரே வீட்டில் அம்மை தமிழும் மருமகள் மலையாளமும் பேசுவார்கள். 1956 நவம்பர் 1-ஆம் தேதி விளவங்கோடும் கல்குளமும் சென்னை மாநிலத்துக்குப் போயின, நெய்யாற்றின்கரை கேரளத்திலேயே நின்றது. சொந்தபந்தம் மாநில எல்லைக் கோட்டுக்கு இரண்டு பக்கமும் பரந்து கிடக்கிறது. உடம்புக்கு முடியாமல் போனாலும் அப்படித்தான். சிலர் வடக்கே திருவனந்தபுரத்துக்கு, மெடிக்கல் காலேஜ் வளாகத்தில் 1981-இல் தொடங்கிய ஆர்.சி.சி.க்கு, அதாவது மண்டலப் புற்றுநோய் மையத்துக்குப் போவார்கள். சிலர் களியக்காவிளை, மார்த்தாண்டம் தாண்டி நெய்யூருக்குப் போவார்கள். நம் பாட்டா எங்கே போனார் என்பது இங்கே முக்கியமில்லை. இரைப்பையில் புற்று, இரைப்பையின் பெரும்பகுதியையும் அதைச் சுற்றியிருந்த நிணநீர்க் கணுக்களையும் எடுத்துவிட்டு, மிச்சத்தைக் குடலோடு சேர்த்துத் தைத்திருக்கிறார்கள். அவ்வளவு தெரிந்தால் போதும்.

கத்தி தோலைத் தொட்ட கணத்துக்கே திரும்பிப் போவோம். ஆயிரக்கணக்கான செல்கள் உடைகின்றன. செல்லுக்குள்ளேயே இருக்க வேண்டிய சரக்கெல்லாம் வெளியே சிந்துகிறது: டி.என்.ஏ. துணுக்குகள், ஏ.டி.பி., சில புரதங்கள், உடைந்த மைட்டோகாண்ட்ரியாக்கள். திசுக்களில் காவல் இருக்கும் செல்களுக்கு இது போதும். கிருமி ஒன்றுகூட வந்திருக்க வேண்டாம், சிந்தியதைப் பார்த்தே ஏதோ கெட்டது நடந்துவிட்டது என்று அவை கண்டுகொள்கின்றன. இதில் எனக்கு மிகப் பிடித்த சங்கதி மைட்டோகாண்ட்ரியா. நம் செல்களுக்குச் சக்தி தயாரித்துத் தரும் இந்த உறுப்பு, நூறு கோடி ஆண்டுகளுக்கும் முன்னால் தனியாகத் திரிந்த ஒரு பாக்டீரியாவின் வாரிசு. அதன் டி.என்.ஏ. இன்றைக்கும் பாக்டீரியா சாயலில்தான் இருக்கிறது. அது ரத்தத்தில் கசிந்ததும் காவல் செல்கள் கிருமி நுழைந்துவிட்டது என்றே எடுத்துக்கொள்கின்றன! பெரிய காயம் பட்டவர்களின் ரத்தத்தில் இது ஏராளமாக மிதப்பதை 2010-இல் பாஸ்டன் ஆராய்ச்சியாளர்கள் காட்டினார்கள். கிருமியே இல்லாத சுத்தமான ஆப்பரேஷனுக்குப் பிறகும் ஏன் காய்ச்சல் அடிக்கிறது என்ற கேள்விக்குப் பாதி விடை இங்கேயே இருக்கிறது.

அடுத்து மாஸ்ட் செல்கள். ஹிஸ்டமின் நிரப்பிய பைகளைச் சுமந்துகொண்டு ரத்தக்குழாய்களின் ஓரத்தில் உட்கார்ந்திருப்பவை. நொடிக்கணக்கில் அத்தனையையும் கொட்டிவிடுகின்றன. நுண்ணிய ரத்தக்குழாய்கள் விரிகின்றன, சுவரில் இடைவெளி விழுகிறது. அமரவிளை சோதனைச்சாவடியில் ஒவ்வொரு வண்டியையும் நிறுத்திப் பார்க்கிறவர்கள் திடீரென்று தடுப்பைத் தூக்கிவிட்டால் எப்படி இருக்கும்? அப்படித்தான் ரத்தத்தின் நீரும் புரதமும் இப்போது கேள்வி கேட்பாரின்றித் திசுவுக்குள் போகின்றன. பாட்டாவின் முகமும் கைகளும் மறுநாள் காலையில் கொஞ்சம் ஊதித் தெரிவதும், ஆப்பரேஷனுக்கு முன்பு 3.8 இருந்த ஆல்புமின் 2.9 என்று ரிப்போர்ட்டில் வந்து நிற்பதும் இதனால்தான். "சாப்பிடாம கெடந்ததாலதான் கொறஞ்சு போச்சு" என்று மகள் சொல்லுவாள். ஒரே நாள் பட்டினியில் ஆல்புமின் அப்படிக் குறையாது. அது குழாய்க்கு வெளியே போயிருக்கிறது.

திறந்த இடைவெளி வழியே வருகின்றன நியூட்ரோஃபில்கள். வெள்ளணுக்களில் இவைதான் அதிகம். ஆரோக்கியமான ஒரு மனிதனின் எலும்பு மஜ்ஜை நாளொன்றுக்கு ஏறத்தாழ 10,000 கோடி நியூட்ரோஃபில்களை உண்டாக்குகிறது. இது சும்மா இருக்கிற நாளின் கணக்கு! ஆப்பரேஷன் நாளில் மஜ்ஜை தன் கையிருப்பையும் அவிழ்த்துவிடுகிறது, முழுசாக வளராதவற்றைக்கூட அனுப்பிவைக்கிறது. ரத்த ஓட்டத்தில் அடித்துக்கொண்டு போகிற ஒரு நியூட்ரோஃபில், காயத்துக்குப் பக்கத்தில் வந்ததும் என்ன செய்கிறது தெரியுமா? குழாய்ச் சுவரில் முளைத்திருக்கும் செலக்டின் என்ற புரதங்களைத் தொட்டுத் தொட்டு உருள ஆரம்பிக்கிறது. உருண்டு உருண்டு வேகம் குறைகிறது. பிறகு இன்டெக்ரின் என்ற வேறு புரதத்தால் சுவரை இறுகப் பிடித்து நின்றுவிடுகிறது. நின்ற இடத்திலேயே தட்டையாகப் படர்ந்து, இரண்டு சுவர்ச் செல்களுக்கு நடுவே ஒரு விரலை நீட்டி, தன் மொத்த உடம்பையும் அந்த இடுக்கில் பிதுக்கி, சில நிமிடங்களில் மறுபக்கம் போய் நிற்கிறது. நுண்ணோக்கியில் எடுத்த இந்தக் காட்சி இணையத்தில் கிடைக்கிறது. நான் அதை எத்தனை முறை பார்த்தாலும் சலிக்காது.

இப்படிச் செல்கள் காயத்தைத் தேடி நடந்து வருகின்றன என்று கண்ணால் கண்டவர்களில் ஒருவர் எலி மெச்னிகாஃப். 1882, சிசிலித் தீவின் மெசினா நகரம். கண்ணாடி போல உடம்பு கொண்ட நட்சத்திர மீன் லார்வா ஒன்றில், வீட்டுத் தோட்டத்து முள்ளைக் குத்திவைத்துவிட்டுத் தூங்கப் போனார். தூக்கம் எங்கே வந்தது! விடிந்ததும் ஓடிவந்து பார்த்தால் முள்ளைச் சுற்றி நகரும் செல்கள் மொய்த்துக் கிடந்தன. 1908-இல் அதற்கு நோபல் பரிசு. இன்று பாட்டாவின் வயிற்றில் தையல் நூலைச் சுற்றி மொய்ப்பதும் அதே பரம்பரைதான்.

முதல் ராத்திரிக்கு வருவோம். காவல் செல்கள் ரத்தத்தில் இன்டர்லூக்கின்-6 என்ற செய்தியை ஊற்றுகின்றன. ஆப்பரேஷன் தொடங்கிய சில மணி நேரத்திலேயே ஏற ஆரம்பித்து ஒரு நாளுக்குள் உச்சிக்குப் போய்விடும். 1986-இல் ஒசாகா பல்கலைக்கழகத்தில் கிஷிமோட்டோவும் ஹிரானோவும் இதன் மரபணுவைப் பிரித்தெடுத்தார்கள். கொரோனா காலத்தில் டோசிலிசுமாப் ஊசிக்காக ஊரெல்லாம் அலைந்தோமே, அது அடக்கப் பார்த்தது இந்த இன்டர்லூக்கின்-6 வேலையைத்தான்.

இந்த ஒரே செய்தியைக் கேட்டு உடம்பின் ஒவ்வொரு மூலையும் ஒவ்வொரு வேலை செய்கிறது. மூளையின் ஹைப்போதலாமஸ் உடம்பின் வெப்ப அளவைக் கொஞ்சம் மேலே தூக்கி வைக்கிறது. ராத்திரி பன்னிரண்டு மணிக்கு மகள் நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டு ஓடுகிறாள். "சிஸ்டரே, அப்பாக்குத் தேகம் சுடுதே!" தெர்மாமீட்டரில் 100.2. சிஸ்டர் நாடி பார்த்து, டியூபைப் பார்த்து, சார்ட்டில் எழுதிவிட்டுச் சொல்கிறார்: "பேடிக்கண்டா சேச்சீ, ரெண்டு திவசம் இது உண்டாவும்." பயப்பட வேண்டாம், இரண்டு நாள் இருக்கும் என்கிறார். முதல் இரண்டு நாள் லேசான காய்ச்சலுக்கு இந்தப் பதில் பெரும்பாலும் சரியான பதில். அது கிருமியால் வந்ததல்ல, உடம்பு தானே மூட்டியது.

அதே ராத்திரி கல்லீரலில் நடப்பதைச் சொன்னால் நம்ப முடியாது. வழக்கமாகச் செய்துகொண்டிருந்த ஆல்புமின் தயாரிப்பைக் குறைத்துவிட்டு, வேறு சரக்குக்கு மாறிவிடுகிறது. ரத்தம் உறைய வேண்டிய ஃபைப்ரினோஜன், கிருமிமேல் அடையாளம் ஒட்டுகிற சி.ஆர்.பி., இன்னும் எத்தனையோ. கூடவே ஹெப்சிடின் என்ற ஒரு சின்ன ஹார்மோன். அது போய் உடம்பிலுள்ள இரும்பையெல்லாம் செல்களுக்குள் பூட்டிவைக்கிறது! ஏன்? பாக்டீரியா வளர இரும்பு வேண்டும். வெட்டுப்பட்ட குடல் வழியே நாலு கிருமி கசிந்தாலும் அதற்குத் தீனி கிடைக்கக் கூடாது. ஆப்பரேஷன் முடிந்த வாரத்தில் ரத்தத்தில் இரும்பின் அளவு தரைதட்டுவது பற்றாக்குறையாக இருக்க வேண்டியதில்லை, உடம்பு எடுத்து ஒளித்துவைத்திருக்கிறது. இந்த முன்யோசனையை யார் இந்த உடம்புக்குச் சொல்லிக் கொடுத்தது என்று வியந்து வியந்து எனக்கு ஆறவில்லை.

சிறுநீரகத்துக்கும் உத்தரவு போயிருக்கிறது: தண்ணீரை விடாதே. முதல் நாள் மூத்திரம் குறைவாகப் போவது அதனால். சர்க்கரை வியாதி இல்லாத பாட்டாவுக்கும் சர்க்கரை 180 என்று காட்டும். கார்ட்டிசாலும் அட்ரினலினும் ஏறி, இன்சுலினை அந்த நாட்களில் செயலிழக்க வைக்கின்றன. தசைகள் கரைந்து அமினோ அமிலமாகக் கல்லீரலுக்குப் போகின்றன, அங்கே புரதம் செய்யக் கச்சாப்பொருள் வேண்டுமே. 1930-களில் கிளாஸ்கோவில் டேவிட் கத்பர்ட்சன் எலும்பு முறிந்தவர்களின் மூத்திரத்தை நாள்தோறும் அளந்து, உடைந்த எலும்பில் இருக்கும் புரதத்தைவிடப் பல மடங்கு வெளியே போவதைக் கண்டுபிடித்தார். காலில் ஒரு எலும்பு உடைந்தால் உடம்பு முழுக்கத் தசை கரைகிறது! காயத்துக்கு உடம்பு மொத்தமும் சேர்ந்து பதில் சொல்கிறது என்பது அன்றைக்கு உறுதியானது.

இனி அந்த ரிப்போர்ட்டுக்கு வருவோம். மூன்றாம் நாள் காலை லேப் சீட்டு வாட்ஸ்ஆப்பில் துபாய்க்குப் போகிறது. சி.ஆர்.பி. 168. பக்கத்தில் சிவப்பு எழுத்தில் 'அதிகம்'. சாதாரண அளவு 5-க்குள். துபாயில் இருக்கிற மகன் இணையத்தில் தேடிப் பார்த்துவிட்டுப் பதறிப் போய் போன் செய்கிறான். அந்த மகனுக்குத்தான் நான் இந்தப் பகுதியை எழுதுகிறேன்.

சி.ஆர்.பி.யை 1930-இல் நியூயார்க் ராக்ஃபெல்லர் கழகத்தில் டில்லட்டும் ஃபிரான்சிஸும் நிமோனியா நோயாளிகளின் ரத்தத்தில் கண்டார்கள். இன்டர்லூக்கின்-6 சொன்ன சில மணி நேரத்தில் கல்லீரல் இதைத் தயாரிக்கத் தொடங்கும். இரண்டாம் மூன்றாம் நாளில் உச்சம் தொடும். வயிற்றைத் திறந்து செய்த பெரிய இரைப்பை ஆப்பரேஷனுக்குப் பிறகு அந்த உச்சம் நூறைத் தாண்டுவது சாதாரணம். இதில் ஓர் அருமையான ஏற்பாடு: ரத்தத்தில் இருக்கிற சி.ஆர்.பி. ஏறத்தாழ 19 மணி நேரத்துக்கு ஒருமுறை பாதியாகும், யாராக இருந்தாலும், என்ன நோயாக இருந்தாலும். ஆக, தயாரிப்பு நின்றால் அளவு மளமளவென்று இறங்கியே தீர வேண்டும். இறங்கவில்லை என்றால் ஒரே அர்த்தம்தான். எங்கோ இன்னும் யாரோ கல்லீரலுக்கு உத்தரவு கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள். அதனால் ஒரு நாள் எண்ணை மட்டும் பார்க்காதே தம்பி, அடுத்த எண்ணையும் கேள். 168 ஐந்தாம் நாள் 80 ஆனால் ஊருக்கெல்லாம் சொல்லிச் சந்தோஷப்படலாம். 168 ஐந்தாம் நாள் 210 ஆனால், டாக்டர் அதற்கு முன்பே ஸ்கேனுக்கு எழுதியிருப்பார். மூன்றாம் நாலாம் நாளில் 150-க்கு மேல் நின்றால் பல சர்ஜன்கள் கூடுதலாக ஒரு கண் வைப்பார்கள்.

இந்த லேப் சீட்டெல்லாம் இல்லாத காலத்தில் இதே வட்டாரத்தில் ஒருவர் இரைப்பை ஆப்பரேஷன்களைச் செய்து குவித்தார். அவரைச் சொல்லாமல் நான் மேலே போக மாட்டேன். ஹோவர்ட் சோமர்வெல். 1916-இல் ஸோம் போர்க்களத்தில் அறுவைச் சிகிச்சை செய்தவர். 1922 எவரெஸ்ட் பயணத்துக்காக வந்து, அது முடிந்ததும் இந்தியாவைச் சுற்றிப் பார்த்தவர் நெய்யூருக்கு வந்தார். 1838 முதல் அங்கே லண்டன் மிஷன் மருத்துவப் பணி நடந்துகொண்டிருந்தது. காத்துக்கிடந்த கூட்டத்தையும், அதைச் சமாளிக்கத் திணறிய ஒற்றை டாக்டரையும் பார்த்தார். லண்டனில் காத்திருந்த பெரிய வாழ்க்கையை விட்டுவிட்டு நெய்யூரிலேயே தங்கிவிட்டார். இங்கே பார்த்தால் வயிற்றுப்புண், வயிற்றுப்புண், வயிற்றுப்புண்! தென் திருவிதாங்கூரில் டியோடினப் புண் அப்படிப் பரவியிருந்தது. 1936-இல் அவரும் உடன் வேலைசெய்த ஆர் (Orr) என்ற டாக்டரும் சேர்ந்து ஏறத்தாழ 2,500 ஆப்பரேஷன்களின் அனுபவத்தைப் பிரிட்டிஷ் அறுவைச் சிகிச்சை இதழில் எழுதினார்கள். நெய்யூரிலிருந்து! குன்னூரில் உணவு ஆராய்ச்சி செய்துகொண்டிருந்த மெக்காரிசன், மரச்சீனிக் கிழங்கு மிகுந்த திருவிதாங்கூர் ஏழைச் சாப்பாட்டை எலிகளுக்குக் கொடுத்து, அவற்றுக்கும் வயிற்றில் புண் வருவதைக் காட்டினார். நம் பாட்டிமார் கையால் சாப்பிட்ட மரச்சீனி உலக மருத்துவ இதழ்களில் ஏறிய கதை இது.

சோமர்வெல்லுக்குச் சொந்த உடம்பிலேயே திசுக்காயத்தின் பாடம் கிடைத்தது. 1924 ஜூன் 4. சக மலையேறி நார்ட்டனோடு ஆக்சிஜன் சிலிண்டர் இல்லாமல் எவரெஸ்ட்டில் ஏறி, உச்சிக்குச் சில நூறு மீட்டர் கீழேயிருந்து திரும்புகிறார். உறைகுளிர்க் காற்றை இழுத்து இழுத்துத் தொண்டையின் உள்தோல் செத்து வீங்கியிருந்தது. இறங்கும் வழியில் அது பெயர்ந்து மூச்சுக்குழாயை அடைத்துவிட்டது. மூச்சும் இல்லை, கூப்பிடக் குரலும் இல்லை. முன்னால் போன நார்ட்டனுக்கு எதுவும் தெரியாது. சாகத்தான் போகிறோம் என்று பனியில் உட்கார்ந்தவர், கடைசி முயற்சியாக இரண்டு கையாலும் நெஞ்சை ஓங்கி அழுத்தி இருமினார். அடைத்திருந்தது ரத்தத்தோடு வெளியே விழுந்தது! எழுந்து இறங்கினார். பிறகு நெய்யூருக்கு வந்து மறுபடியும் கத்தியை எடுத்தார். பெனிசிலின் கைக்கு வராத அந்த ஆண்டுகளில் ஆப்பரேஷனுக்குப் பிந்தைய வாரத்தைக் காட்ட இருந்தவை நாடித்துடிப்பும் காய்ச்சல் சார்ட்டும் வயிற்றில் வைத்துப் பார்க்கும் கையும்தான். இன்றைக்குக் காரக்கோணத்தில், பாறசாலைக்காரர்கள் எட்டிப்போய் வரும் தூரத்தில், அவர் பெயரில் சி.எஸ்.ஐ. மருத்துவக் கல்லூரி இருக்கிறது.

மூன்றாம் நாளுக்குப் பாட்டாவிடம் திரும்புவோம். இதுவரை நாம் பார்த்தது அழற்சியை, அதாவது காயத்துக்கு உடம்பு காட்டும் இந்தச் சூட்டையும் வீக்கத்தையும், மூட்டுவது. இனி அணைப்பது, எனக்கு இன்னும் கிறுக்குப் பிடிக்கவைக்கிற பகுதி! வேலை தீர்ந்து அழற்சி தானாக வாடிப்போகும் என்றுதான் ரொம்ப நாள் எல்லோரும் நினைத்திருந்தார்கள். அப்படியில்லை என்று ஹார்வர்டில் சார்லஸ் செர்ஹான் குழு 2000-ஐ ஒட்டிய ஆண்டுகளில் காட்டியது. வீக்கத்தை மூட்டிய அதே செல்கள் ஒரு கட்டத்தில் தயாரிப்பை மாற்றி, ரெசால்வின் என்ற நிறுத்தல் உத்தரவை எழுத ஆரம்பிக்கின்றன. புதிய நியூட்ரோஃபில்கள் வருவது நிற்கிறது. வந்தவை தாமே திட்டமிட்டு மடிகின்றன. மேக்ரோஃபேஜ் என்ற பெருந்தீனிச் செல்கள் அவற்றை விழுங்குகின்றன. விழுங்கியதும் அவற்றின் குணமே மாறிவிடுகிறது, இனி அவை தசையும் நாரும் ரத்தக்குழாயும் கட்டுகிற கட்சி. ரெசால்வின் செய்ய உடம்பு எடுப்பது ஒமேகா-3 கொழுப்பை, நம் கடற்கரைச் சாளை மீனில் நிறைய இருக்கிறதே அதே கொழுப்பை. சாளைக்குழம்பு தையலை ஆற்றும் என்று யாரும் நிரூபித்துவிடவில்லை. ஆனாலும் இதைப் படித்த நாளிலிருந்து சாளை வாங்கும்போது எனக்கு அதன்மேல் தனி மரியாதை.

அழற்சியை அடக்குவதில் மூளைக்கும் பங்கு உண்டு. மூளையிலிருந்து வயிற்றுக்கு இறங்கும் வேகஸ் நரம்பு அழற்சியைத் தணிக்கிறது என்று 2000-இல் கெவின் டிரேசி குழு காட்டியது. முழு இரைப்பையையும் எடுக்கும்போது பெரும்பாலும் அந்த நரம்பின் தண்டுகளும் வெட்டுப்பட்டுப் போகும். மற்ற ஆப்பரேஷன்களைவிட இரைப்பை ஆப்பரேஷனில் இந்த வாரத்தைக் கூர்ந்து பார்க்க எனக்கு இது ஒரு காரணமாகப் படுகிறது.

கூர்ந்து பார்க்க வேண்டிய நாட்கள் எவை? குடலைத் தைத்த இணைப்பில் பழைய கொலாஜன் நார் கரைந்து, புதியது இன்னும் ஊறாத நாட்கள். மூன்றிலிருந்து ஐந்து வரை. அப்போது இணைப்பைத் தாங்குவது நூலும் ஸ்டேப்பிளும்தான். அங்கே கசிவு வந்தால் பாட்டா முதலில் வயிறு வலிக்கிறது என்றுகூடச் சொல்லாமல் இருக்கலாம். நாடி 80-லிருந்து 115-க்குப் போகும். மூச்சு வாங்கும். ஆறிய காய்ச்சல் மறுபடி அடிக்கும். இடது தோள்பட்டை வலிக்கும். வயிற்றுக்குள் விட்ட டியூபில் வெளிர் மஞ்சளாக வந்துகொண்டிருந்த நீர் கலங்கும், பச்சையாகும், நாறும். டியூபில் வரும் நிறத்தைப் பக்கத்தில் இருப்பவர்தான் நாள் முழுக்கப் பார்க்கிறார். இதில் எதைப் பார்த்தாலும் ரவுண்ட்ஸ் வரட்டும் என்று காத்திருக்கவே கூடாது. ராத்திரி இரண்டு மணியானாலும் சிஸ்டரை எழுப்புங்கள். முதல் நாள் காய்ச்சலுக்குப் பேடிக்க வேண்டாம் என்றேன் இல்லையா, நாலாம் நாள் திரும்பி வருகிற காய்ச்சலுக்குக் கட்டாயம் பேடிக்க வேண்டும்.

இந்த வாரத்தைத் தாண்டுவதே ஒரு காலத்தில் அதிசயம். வியன்னாவில் 1881 ஜனவரி 29 அன்று தியோடோர் பில்ரோத், 43 வயது தெரேசா ஹெல்லருக்குப் புற்று வந்த இரைப்பைப் பகுதியை வெட்டி எடுத்து மிச்சத்தைத் தைத்தபோது உலகம் அதிர்ந்தது. அவருக்கு முன் முயன்ற இருவரின் நோயாளிகளும் பிழைக்கவில்லை. தெரேசா அந்த முதல் வாரத்தைக் கடந்து வீட்டுக்குப் போனார். நாலு மாதம் கழித்துப் பரவிய புற்று அவரைக் கொண்டுபோனது. அந்த இரைப்பை இன்னும் வியன்னா ஜோசஃபினம் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

நம் பாட்டாவின் இரைப்பையில் புற்று எப்படி வந்தது என்று கேட்டால், பதில் மறுபடி அழற்சி! ஹெலிகோபாக்டர் பைலோரி கிருமி சின்ன வயதிலேயே இரைப்பையில் குடியேறுகிறது. 1982-இல் பெர்த்தில் வாரனும் மார்ஷலும் அதை அடையாளம் கண்டு 2005-இல் நோபல் வாங்கினார்கள். அது மூட்டும் அழற்சி, வலியில்லாமல் காய்ச்சலில்லாமல் முப்பது நாற்பது வருஷம் அணையாமல் கிடக்கிறது. சிலருக்கு இரைப்பையின் உள்தோல் மெலிந்து, குடலின் சாயலுக்கு மாறி, கடைசியில் புற்றாகிறது. கொலம்பியாவைச் சேர்ந்த பெலாயோ கொரியா இந்தப் படிகளை 1970-களில் எழுதிவைத்தார். ஒரு வாரத்தில் எழுந்து ஒரு வாரத்தில் அடங்குகிற அழற்சி பாட்டாவைத் தைத்து ஆற்றுகிறது. அடங்கத் தெரியாத அழற்சி அவரை இந்தக் கட்டிலுக்கே கொண்டுவந்தது. இரண்டுக்கும் செல்கள் பெரும்பாலும் ஒன்றே, செய்திகளும் ஒன்றே. அடங்குகிறதா இல்லையா என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

ஆப்பரேஷனுக்குப் பிந்தைய அழற்சி நீண்டுபோனாலும் கவலை உண்டு. இரைப்பைப் புற்று நோயாளிகளில், ஆப்பரேஷனுக்குப் பின் கிருமித்தொற்றில் மாட்டியவர்களுக்கு நீண்டகால முடிவுகளும் மோசமாக இருந்ததை ஜப்பானிய ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. தொற்றுதான் காரணமா, உடம்பு ஏற்கெனவே தளர்ந்திருந்ததா என்பதைப் பிரித்துச் சொல்வது கடினம். ஆனால் எலிகளில் ஒரு தடயம் கிடைத்திருக்கிறது. நியூட்ரோஃபில்கள் கிருமியைப் பிடிக்கத் தங்கள் டி.என்.ஏ.யையே வலையாக வீசும். 2004-இல்தான் இது கண்டுபிடிக்கப்பட்டது. ரத்தத்தில் மிதக்கும் ஓரிரு புற்றுச் செல்களும் அந்த வலையில் சிக்கி அங்கேயே வேர்விடுகின்றன என்று 2013-இல் கனடா ஆராய்ச்சியாளர்கள் எழுதினார்கள்.

அதனால்தான் சர்ஜன்கள் இப்போது காயத்தின் அளவையே குறைக்கப் பார்க்கிறார்கள். 1991-இல் ஜப்பானின் செய்கோ கித்தானோ லேப்பரோஸ்கோப் உதவியோடு இரைப்பைப் புற்றை எடுத்துக் காட்டினார். உள்ளே எடுப்பது அதே அளவுதான், ஆனால் வயிற்றுச் சுவரில் உடையும் செல்கள் குறைவு. இன்டர்லூக்கின்-6-ம் சி.ஆர்.பி.யும் குறைவாகவே ஏறுகின்றன. கோபன்ஹேகனில் ஹென்ரிக் கெலட் 1990-களில் தொடங்கிவைத்த விரைவு மீட்பு முறையும் பல ஆஸ்பத்திரிகளுக்கு வந்துவிட்டது. நடுராத்திரியிலிருந்து பட்டினி கிடப்பதற்குப் பதில், தகுந்தவர்களுக்கு ஆப்பரேஷனுக்கு இரண்டு மணி நேரம் முன்புவரை தெளிந்த இனிப்பு நீர். இன்சுலின் அவ்வளவாகச் சுணங்காது. தியேட்டரில் உடம்பு குளிராமல் பார்த்துக்கொள்வது. வலியை முதுகுத் தண்டோரத்து ஊசியால் அடக்கி, மறுநாளே கைபிடித்து நடக்க வைப்பது. நுரையீரல் விரிய மூன்று பந்து ஏறும் அந்தப் பிளாஸ்டிக் கருவியை ஊத வேண்டாம், உறிஞ்ச வேண்டும். பாட்டா முதல் நாள் ஒரு பந்தைத்தான் தூக்குவார். நாலாம் நாள் மூன்றும் மேலே போய் ஒட்டிக்கொள்ளும். பக்கத்துக் கட்டில்காரர் கை தட்டுவார்.

வீட்டுக்குப் போகும் நாளில் சிஸ்டர் சீட்டில் எழுதிக் கொடுப்பதை வாங்கிப் படியுங்கள். மூன்று வேளை வயிறு முட்டச் சாப்பிட்ட ஆள் இனி ஆறு வேளை கொஞ்சம் கொஞ்சமாக. கஞ்சியும் மீனும் முட்டையும் உண்டு. சாப்பாட்டோடு செம்பு செம்பாகத் தண்ணி குடிக்கக் கூடாது, அரைமணி கழித்துக் குடிக்கலாம். இனிப்பை அள்ளிச் சாப்பிட்டால் கால் மணியில் வியர்த்து, நெஞ்சு படபடத்து, படுக்கத் தோன்றும், அது குடலுக்குள் சர்க்கரை ஒரேயடியாகக் கொட்டியதால். முழு இரைப்பையும் போனவர்களுக்கு பி12 சத்தைச் சாப்பாட்டிலிருந்து எடுக்க வழியில்லாமல் போகும். கல்லீரலில் சேமித்தது சில வருஷம் தாங்கும், அதை நம்பி ஊசியை விட்டுவிட்டால் கால் மரத்து நடை தள்ளாடும். ஊசி ஆயுளுக்கும் உண்டு. வயிற்றுத் தையலின் அடியில் கொலாஜன் நாரைப் பிரித்துப் பிரித்து மறுபடி கட்டுகிற வேலை இன்னும் ஒரு வருஷம் நடக்கும், டாக்டர் சரி சொல்லும்வரை ரப்பர் ஷீட்டு மூட்டையைப் பாட்டா தூக்கக் கூடாது, மருமகன் தூக்கட்டும்.